இரண்டுக்கு ஏழு ஜோடி

போன மாதம் எங்கள் பழைய ரயில்வே யார்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். யார்டு நுழைவில் புதிதாக ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். சரக்கு வண்டி உள்ளே வரும்போதே ஒவ்வொரு வேகனின் நம்பரையும் அதுவே படித்துத் திரையில் போட்டுவிடுகிறதாம். "அக்கா, நீங்கல்லாம் நெஜமாவே ஜல்லி மேல நடந்து போய் ஒவ்வொண்ணா படிச்சு எழுதுவீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் பாவப்பட்டாள். பிறகு, "வேகன் நம்பர்ல அந்தப் பதினோராவது இலக்கம் எதுக்குன்னு இங்க யாருக்கும் சொல்லத் தெரியலக்கா. உங்களக் கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற சமாசாரமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கணக்கு கொஞ்சமாகவும் மாரியண்ணன் நிறையவுமாக வருகிறது. அவரை விட்டுவிட்டு அந்த இலக்கத்தை எனக்குச் சொல்லத் தெரியாது, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு டிரெயின்ஸ் கிளர்க் வேலை கொடுத்தார்கள். வடசென்னையில் ஒரு கூட்ஸ் யார்டு, பெயர் வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற வண்டியும், எண்ணூர் பக்கம் நிலக்கரி கொண்டு போகிற வண்டியும், சிமெண்டும் கோதுமையும் உரமும் ஏற்றிய வண்டியும் வந்து நின்று பிரிந்து போகிற இடம். பயிற்சி என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான். சாப்பாடு நன்றாக இருந்தது. புடவை கட்டிக்கொண்டு யார்டுக்குள் போகக் கூடாது என்று சொன்னார்கள்.

இரண்டாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வாரமே இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து போனபோது முந்தானை கொக்கியில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டவர் மாரியண்ணன். "இன்னாம்மா ஸ்டெல்லா, கல்யாண வூட்டுக்கா வந்த? நாளைலேர்ந்து சுடிதார் போட்டுகினு வா. இல்லாங்காட்டி வண்டி உன்ன இஸ்துகினு கொருக்குப்பேட்ட போய்டும்" என்றார். அப்போது கோபம் வந்தது. மறுநாள் சுடிதாரில்தான் போனேன்.

மாரியண்ணன் வியாசர்பாடிக்காரர். கால்பந்து ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். முட்டி போய், ஆட்டம் நின்று, வேலை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஜல்லியில் நடக்கிற வேலையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதினோரு இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். நம்பர் டேக்கர் என்று எங்களைச் சொல்வார்கள்.

அந்தப் பதினோரு இலக்கம் எங்களுக்கு ஓர் எண்ணே அல்ல, ஒரு விலாசம். முதல் இரண்டு எந்த மாதிரி வேகன் என்று சொல்லும். அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்று சொல்லும். அதற்கடுத்த இரண்டு செய்த வருடம். பிறகு நான்கு அதன் தனி நம்பர். கடைசியாக ஒன்று. ஒரு தடவை தணிக்கைக்கு வந்த ஒருவர் எங்கள் தாளைப் பார்த்து, "மூவாயிரத்து நூற்றியாறு கோடியே தொண்ணூற்றெட்டு லட்சத்து..." என்று எண்ணாகவே வாசிக்க ஆரம்பித்தார். மாரியண்ணன் பொறுக்க முடியாமல், "சார், அவ்ளோ துட்டு அந்த வண்டில இருந்தா நான் இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீறேன்?" என்று கேட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கடைசி இலக்கத்துக்கு வருகிறேன். அது வேகனைப் பற்றி எதுவும் சொல்லாது. முன்னால் இருக்கும் பத்து இலக்கத்துக்கும் அது காவல். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று இரட்டைப்படை இடங்களில் இருக்கும் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைச் சும்மா கூட்டினால் போதும். இரண்டையும் சேர்த்து வருகிற தொகை, அடுத்த முழுப் பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதினோராவது இலக்கம். தொகை எண்பத்து மூன்று என்றால் தொண்ணூறுக்கு ஏழு குறைகிறது, ஆக கடைசி இலக்கம் ஏழு. வெயிலில் பெயிண்ட் உரிந்துபோன மூன்றை எட்டு என்று நீங்கள் படித்துவிட்டால் கணக்கு இடித்து, கடைசி இலக்கம் பொருந்தாது. படித்தது தப்பு என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கணினியில் ஏற்றினாலும் அது ஏற்காது.

கணினி ஏற்காது என்பதெல்லாம் பிறகு வந்தது. எங்கள் யார்டில் அதற்கும் முன்னால் ராகவன் சார் ஏற்க மாட்டார்.

ராகவன் சார் யார்டு மாஸ்டர். மாயவரம் பக்கத்துக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டை, அதன் பையில் சாக்பீஸ், அதனால் பை எப்போதும் மாவு கொட்டின மாதிரி இருக்கும். டீயை வாங்கி ஆறவைத்து, நன்றாகச் சில்லிட்ட பிறகு குடிப்பார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் நம்பர் எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைக்கு எதிரே நின்று வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வார். ஒரு விரலால் மேஜையைத் தட்டுவார். ஒற்றை இடத்துக்கு மெதுவாக ஒரு தட்டு, இரட்டை இடத்துக்கு அழுத்தமாக ஒரு தட்டு. பத்தாவது இலக்கத்தோடு நாங்கள் நிறுத்திவிட வேண்டும், பதினோராவதை அவர் சொல்வார். "ஏழு." தாளில் ஏழு இருந்தால் அடுத்த வேகன். இல்லையென்றால் திட்ட மாட்டார், தப்பு என்ற வார்த்தைகூட அவர் வாயில் வராது. "போய்ப் பாத்துட்டு வாம்மா" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக யார்டின் கடைசி வரை வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஒரு வண்டி முழுக்க அவர் ஒரு தடவைகூட நிறுத்தாமல் நான் வாசித்து முடித்துவிட்டால் எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருக்கும். இப்போதும் அந்த மேஜைத் தட்டல் காதில் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அதுவும் ஒன்று.

அந்த மேஜை முன்னால் மாரியண்ணன் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். முட்டி வீங்கியிருந்த ஒரு நாள், வாசலில் இருந்த டீக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு வண்டிக்கான நம்பர் முழுவதையும் தன் சொந்தக் கற்பனையில் எழுதிவிட்டார். கடைசி இலக்கம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு ஒட்டவைத்திருந்தார். கணக்கில் அவர் கில்லாடி. சார் கண்ணை மூடித் தட்டிக்கொண்டே கேட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, "எல்லாமே சரியா இருக்கு மாரி. அதான் எனக்கு யோசனையா இருக்கு. உனக்கு என்னிக்காவது எல்லாம் சரியா வந்திருக்கா?" என்றார். எழுந்து அவரையும் கூட்டிக்கொண்டு யார்டுக்குள் நடந்தார். முதல் வேகனிலேயே குட்டு உடைந்தது. மாரியண்ணன் எதையும் மறைக்கவில்லை. "ஆமா சார், எழுதிட்டேன். கால் நோவு தாங்கல" என்றார். ஊதிய உயர்வை வெட்டினார்கள். யார்டு முழுக்க இந்தக் கதை சிரிப்பாகச் சுற்றியது. சிரிப்பாகச் சுற்றின கதை பின்னால் அவர் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சில வருடம் கழித்து, ஓர் ஐப்பசி மழையில் அது நடந்தது. சிமெண்ட் ஏற்றிய வண்டி ஒன்று எங்கள் யார்டு வழியாகப் போனது. அதில் ஒரு வேகனின் அச்சு சூடேறியிருப்பதைப் பார்த்து, வேகன்களைச் சோதிக்கிறவர்கள் அதை மட்டும் கழற்றி ஒதுக்கச் சொன்னார்கள். பழுதான வேகன்களை நிறுத்த யார்டின் கோடியில், மதில் சுவரை ஒட்டி ஒரு லைன் உண்டு. அங்கே தள்ளினார்கள். அதன் நம்பரை எடுக்க மாரியண்ணன் போனார்.

மழையில் நம்பர் எடுப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தாளை வெளியே எடுத்தால் நனைந்து கூழாகிவிடும். அதனால் ஒரே ஒரு வேகன் என்றால் நம்பரை மனப்பாடம் செய்து, முணுமுணுத்துக்கொண்டே கேபினுக்கு ஓடிவந்து எழுதுவோம். ஆளுக்கு ஒரு விதம். நான் ஜெபமாலை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவேன். மாரியண்ணன் கானா மெட்டுப் போட்டுப் பாடிக்கொண்டு வருவார். அன்றைக்கும் அப்படித்தான் பாடிக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். எழுதினார், சாரிடம் வாசித்தார். சார் தட்டினார், "ஏழு" என்றார். தாளிலும் ஏழு. கணினியும் வாங்கிக்கொண்டது.

அந்த வேகனின் பக்கவாட்டில் இருந்த நம்பர் 31069842737. மாரியண்ணன் எழுதியது 31069847237. உண்மை நம்பரை மாற்றி, அதே குணமுள்ள ஒன்றை இங்கே போட்டிருக்கிறேன். நடுவில் பாருங்கள். இரண்டும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன.

ஒரு தடவை நம்பர் கணினியில் ஏறிவிட்டால், அந்தப் பழுது லைனுக்குப் போய் யாரும் மறுபடி படிப்பதில்லை. எத்தனை வேகன் நிற்கிறது என்று மட்டும் எண்ணுவோம். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. சிமெண்ட் போய்ச் சேர வேண்டிய ஊரிலிருந்து, ஒரு வேகன் குறைகிறது, உங்கள் யார்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். ராகவன் சார் கணினியில் தேடினார். அந்த நம்பரில் எதுவும் இல்லை. இல்லை என்று பதில் போட்டார். மறுபடி கேட்டார்கள், மறுபடியும் இல்லை என்றார். அந்தக் காலத்தில் ஓர் ஊர்க் கணினிக்கும் இன்னோர் ஊர்க் கணினிக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. மாரியண்ணன் எழுதிய நம்பருள்ள நிஜ வேகன் வடக்கே எங்கோ ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்து அச்சை மாற்ற ஆட்கள் வந்தபோதுதான் வேகனைச் சரியாகப் பார்த்தார்கள். கதவில் சீல் இல்லை. உள்ளே கூரை ஒழுகி, சிமெண்ட் மூட்டைகள் அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகியிருந்தன. கதவை ஒட்டின பக்கம் மட்டும் சில மூட்டைகளைக் காணோம். மூட்டைகள் இறுகுவதற்கு முன்பே யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சில மூட்டைகள்தான் விஷயத்தைத் திருப்பிவிட்டன. வெறும் கவனக்குறைவு என்றால் கண்டித்து விட்டிருப்பார்கள். மேலே இருந்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். தற்செயலாக இரண்டு இலக்கம் மாறினால் கடைசி இலக்கம் பொருந்தாமல் போயிருக்க வேண்டும். அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார்கள்? ஆனால் இது பொருந்துகிறது. ஆக, பார்ப்பதற்குக் கைப்பிசகு போலத் தெரியும்படியும் கணக்கிலும் மாட்டாதபடியும் யாரோ தேடிப் பிடித்து ஒரு நம்பரைப் போட்டிருக்கிறார்கள். சரக்கோடு வேகனை மறைத்து வைத்து, மதில் வழியாகக் கடத்த. அப்படித் தேடிப் பிடிக்கிற அளவு கணக்குத் தெரிந்தவன், ஏற்கெனவே கள்ள நம்பர் எழுதி மாட்டியவன், அந்த யார்டில் ஒருவன்தான்.

ராகவன் சாரிடம் எழுத்து வாக்குமூலம் கேட்டார்கள். "பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே என் அனுபவம்" என்று அவர் எழுதிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். அவர் பொய் எழுதவில்லை.

மாரியண்ணனுக்கு சார்ஜ் ஷீட் வந்தது. பணிநீக்கம்தான் என்று பேசிக்கொண்டார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அதைவிட, அவர் மனைவி கஸ்தூரிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். வேலை போனால் அந்த வாசலும் மூடிவிடும். சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் கட்டாய ஓய்வோடு போகும், வைத்தியமாவது மிஞ்சும் என்று யோசனை சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மாரியண்ணன் தலையை ஆட்டினார். "அன்னிக்கி டீக்கடைல குந்திகினு எழுதுனேன், கேட்டாங்க, ஆமான்னேன். இன்னிக்கி மழைல போயி, படிச்சி, பாடிகினு வந்து எழுதுனேன். மாறிப்போச்சி. அவ்ளோதான் நைனா. செய்யாதத எப்டி செஞ்சேன்னு சொல்றது?"

"யார் நம்புவாங்க மாரி?" என்றார் சங்கத்துக்காரர்.

"பொய் எழுதுனேன்னு சொன்னப்ப அல்லாரும் நம்புனாங்க. நெஜம் சொல்றப்ப ஒர்த்தரும் நம்பல. நல்லா கீது உங்க நாயம்."

நானும் நம்பவில்லை. கோபம்தான் இருந்தது. உடம்புக்கு முடியாத ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த ஆளுக்கு இது தேவையா என்று இருந்தது. அந்தக் கோபத்தில்தான், இவர் எப்படி அந்த நம்பரைக் கண்டுபிடித்தார் என்று பார்க்கலாம் என்று ஒரு மதியம் கேபினில் உட்கார்ந்தேன். கணக்கில் மாட்டாத ஒரு மாற்றத்தைத் தேடிப் பிடிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நம்பரை எடுத்து அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த மூன்றையும் நான்கையும் இடம் மாற்றினேன். கடைசி இலக்கம் இடித்தது. ஐந்தையும் ஏழையும் மாற்றினேன், இடித்தது. ஒன்றையும் ஆறையும் மாற்றியபோது இடிக்கவில்லை. கூட்டலில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். அப்போதும் பொருந்தியது. வேறொரு வேகனின் நம்பரை எடுத்து மூன்றையும் எட்டையும் மாற்றினேன். அதுவும் பொருந்தியது. சுழியமும் ஐந்தும், நான்கும் ஒன்பதும் அப்படியே. எந்த வேகனை எடுத்தாலும், எந்த இடத்தில் மாற்றினாலும், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், இந்த ஜோடிகள் மட்டும் வாயைத் திறக்காமல் நழுவிப் போயின. நான் எதையும் தேடிப் பிடிக்கவில்லை. தானாக வந்து கையில் விழுந்தன.

தாளை எடுத்துக்கொண்டு ராகவன் சாரிடம் போனேன். ஏன் இப்படி வருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வருகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கேபின் தரையிலேயே குந்தி உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு மூணால பெருக்கற இடத்துல, ஏழு சும்மா இருக்கற இடத்துல. ஆறும் ஏழும் பதிமூணு" என்று எழுதினார். "இப்ப இடம் மாறட்டும். ஏழு மூணால பெருக்கற இடத்துக்கு வருது. இருபத்தொண்ணும் ரெண்டும் இருபத்து மூணு." இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். "பத்து வித்தியாசம். நாம பாக்கறது அடுத்த பத்துக்கு எவ்வளவு குறையுதுன்னு. முழுசா ஒரு பத்து கூடினா நமக்குத் தெரியவே தெரியாது."

கோட்டுக்குக் கீழே ஐந்து, பத்து என்று எழுதினார். "இடம் மாறினா, ரெண்டு இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு மடங்காத் தொகையில வரும். வித்தியாசம் அஞ்சா இருந்தா ரெண்டு மடங்கு பத்து. ஒவ்வொரு இலக்கத்துக்கும் அப்படி ஒரு ஜோடி இருக்கு ஸ்டெல்லா. மீதி ஒம்பது இலக்கத்துல ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டு எவன் மாத்தி எழுதினாலும் ஒம்பதுல ஒண்ணு என்னைத் தாண்டிப் போகும்."

"அப்போ மாரியண்ணன்..."

சார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தன் வீட்டுப் பூட்டு இத்தனை வருடமாக வேறு சாவிக்கும் திறந்திருக்கிறது என்று தெரிந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். "அந்தப் பொங்கலுக்கு ஆள் இல்லாம நானே போய் நம்பர் எடுத்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது.

விசாரணைக்கு, யார்டில் நம்பர் எடுக்கும் முறையைச் சொல்ல என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். விசாரித்த அதிகாரி நிதானமானவர், யாரையும் மிரட்டவில்லை. ராகவன் சார் முறை வந்ததும், "உங்க வாக்குமூலத்துல எதாவது சேர்க்கணுமா?" என்று கேட்டார்.

"திரும்ப வாங்கிக்கணும் சார்" என்றார் ராகவன் சார்.

பிறகு அந்த அதிகாரியிடம் இரண்டு நம்பரையும் பத்தாவது இலக்கம் வரை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய மேஜையில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. வேகனில் இருந்த நம்பருக்கு ஏழு என்றார். மாரியண்ணன் எழுதிய நம்பருக்கும் ஏழு என்றார். வித்தியாசம் ஐந்து, இரண்டு மடங்கு பத்து என்று விளக்கினார். அதிகாரி தானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தார்.

"சரி, இப்படித் தற்செயலா வரலாம்னு சொல்றீங்க. ஆனா இவர் தெரிஞ்சே இதைப் பயன்படுத்தலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"எனக்கே தெரியாத விஷயம் சார் இது. முந்தாநாள்தான் தெரிஞ்சுது" என்றார் ராகவன் சார். "இன்னொண்ணும் இருக்கு. ஒரு பொங்கல் சமயம் ஆள் பற்றாக்குறையில நானே நம்பர் எடுத்தேன். அதுல ஒரு நிலக்கரி வேகன் ரொம்ப நாள் காணாமப் போச்சு. கணினிக் கோளாறுன்னு நானே பதில் எழுதினேன். எழுதின நம்பரும் வேகன் நம்பரும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணும் ஆறும் இடம் மாறியிருக்கு. அதை எழுதினது என் கை. அதைச் சரின்னு சொன்னதும் நான்தான். நம்பரை மாத்திப் போட்டு வேகனை மறைச்சான்னு மாரி மேல குற்றம் சொன்னா, அதே குற்றத்தை என் மேலயும் எழுதிக்கோங்க."

மாரியண்ணன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அதிகாரி அந்த இரண்டு நம்பர்களையும் சாரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். சரிபார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லி அன்றைக்கு முடித்துவிட்டார்.

சரிபார்த்தார்கள், சார் சொன்னது ஓர் இலக்கம் பிசகாமல் சரியாக இருந்தது. வேகனை மறைத்த குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். வேகன் பக்கத்திலேயே நின்று எழுதாமல் கேபினுக்கு வந்து எழுதியதற்காக மாரியண்ணனுக்கு ஒரு கண்டனம், அதோடு போயிற்று. ராகவன் சாருக்கும் ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சிமெண்ட் மூட்டைகளை யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மழைக்கு ஒழுகுகிற வீடுகள் நிறைய.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் கஸ்தூரியக்கா பெரிய தூக்கில் வஞ்சிர மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். கேபினில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ராகவன் சார் சைவம், அவருக்கு வெளியிலிருந்து தயிர்சாதம் வாங்கி வந்திருந்தார் மாரியண்ணன். சார் ஒரு வாய்கூட வைக்கவில்லை. பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, "மாரி, நான் உன்ன நம்பல" என்றார். "நீ சொன்னப்பவே ஒரு தடவை உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்திருக்கணும். பாக்கல. ஸ்டெல்லா வரலேன்னா பாத்திருக்கவே மாட்டேன்."

மாரியண்ணன் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ நம்புனியா ஸ்டெல்லா?"

பொய் சொல்லியிருக்கலாம். கஸ்தூரியக்கா குழம்பு இலையில் இருக்கும்போது சொல்ல வரவில்லை. "இல்லண்ணா. நீ எப்டித் திருடுனன்னு கண்டுபுடிக்கத்தான் கணக்குப் போட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"கஸ்தூரியே ஒரு நாள் கேட்டா, நெஜமாலுமே நீ எடுக்கலியான்னு" என்றார். "அப்போ இந்த ஊர்ல என்னிய நம்புன ஒரே ஆளு அந்தக் கடைசி நம்பருதான், நான் மாத்தி எழுதுனப்பவும் ஏழுன்னு ஒத்துகினுச்சி. சாப்டு சார், தயிர்சாதம் புளிச்சிடும்."